தண்ணீரை மூடியது நான்தான்

வாடகை தராத குடித்தனக்காரரைப் பற்றி எந்த வீட்டுக்காரரைக் கேட்டாலும் மணிக்கணக்கில் பேசுவார். நானும் தெல்தோட்டை பஸ் தரிப்பிடத்தில், ஆசிரியர் அறையில், கல்யாண வீடுகளில் நிறையப் பேசியிருக்கிறேன். போன இடமெல்லாம் ஒன்றை மட்டும் மறைத்தேன். மேல்வீட்டுக்குப் போகும் தண்ணீரை நான் வேண்டுமென்றே மூடினேன். கேட்டபோது பொய் சொன்னேன்.

நான் லயத்தில் பிறந்தவன். எங்கள் ஊருக்கு மேலே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அன்றிலிருந்து இந்த மலைகளில் உழைத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில்தான் குடியிருந்தார்கள். காம்பராவுக்கு உறுதி கிடையாது. தோட்டத்தில் பெயர் இருக்கும்வரை கூரை இருக்கும். அப்பா வேலையிலிருந்து நின்ற பிறகு, வீட்டில் பெயர் பதிந்தவர் யாரும் இல்லை, காம்பராவைக் காலி செய்யுங்கள் என்று தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்து, வெளியே யாரிடமும் சொல்லாதே என்றார். ஆசிரியர் நியமனம் கிடைத்ததும் என் பெயரில் ஓர் உறுதி வேண்டும் என்ற வெறி எனக்கு வந்தது அப்படித்தான்.

டவுனுக்குச் சற்றுத் தள்ளி, சரிவில் 10 பேர்ச்சஸ் நிலம் வாங்கிக் கீழ்வீட்டைக் கட்டினேன். பிறகு வங்கிக் கடனில் மேல்வீடு. வாடகை 15,000 ரூபா வரும், தவணை அதற்குள் அடங்கும் என்பது என் கணக்கு. கூரை ஒழுகும், மலசலக் குழி நிரம்பும், வீடு சில மாதம் சும்மா கிடக்கும், சபை வரி வரும் என்று எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. பின்பக்கத் தடுப்புச் சுவரிலும் காசு மிச்சம் பிடித்தேன். சுவருக்குப் பின்னால் கல் நிரப்பி, நீர் வடியக் குழாய் விட வேண்டும் என்று மேசன் பாஸ் சொன்னார். அது செலவு என்று வேண்டாம் என்றேன்.

2021இல் ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி, மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் குடிவந்தார். நம்ம ஆட்களுக்குள் எதற்கு நொத்தாரிசு என்று நினைத்தேன். கொப்பித் தாளில் ஒரு வருட வாடகை என்று எழுதி, இருவரும் கையெழுத்து வைத்து, இரண்டு மாத அட்வான்ஸ் வாங்கினேன். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நான் அதை விசாரிக்கவும் இல்லை.

அடுத்த வருடம் நாடே கவிழ்ந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. மிதக்கும் வட்டியில் வாங்கிய என் கடனின் தவணையும் மளமளவென்று ஏறியது. மேல்வீட்டுத் தம்பி பெட்ரோல் வரிசையில் இராப் பகலாகக் கிடந்தார். யூலையில் கியூஆர் முறை வந்தபோது ஆட்டோவுக்குக் கிடைத்தது வாரம் 5 லீற்றர். தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு ஹயர் போய் வருகிறவருக்கு அது எந்த மூலைக்கு? முதலில் பாதி வாடகை தந்தார். பிறகு அதுவும் நின்றது.

அந்த வருட மழையில் தடுப்புச் சுவர் சரிந்தது. வடிய வழியில்லாத நீர் உள்ளே தேங்கி, மண்ணின் பாரத்தோடு சேர்ந்து சுவரைத் தள்ளிவிட்டது. முந்திய வருடம் ஆயிரம் ரூபா அளவில் வாங்கிய சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. மண் அள்ள பெக்கோ, கம்பி, கல், கூலி என்று நகை அடகுக்குப் போனது. ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதம், அடுத்த பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் ஏறியது. மேல்வீட்டு மீட்டர் என் பெயரில். அவர்கள் கட்டாத பில்லுக்கு ரெட் நோட்டீஸ் எனக்கு வந்தது.

பெட்ரோல் ஓரளவு சீரான பிறகும் அவர் வாடகை தரவில்லை. என்னைக் கண்டால் ஆட்டோவை வேறு பாதையில் திருப்பினார். என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் உட்கார்ந்து, பாக்கி எவ்வளவு, எப்படித் தருவாய் என்று ஒரு தடவைகூட நான் நேராகக் கேட்கவில்லை. ஊரில் கெட்ட பெயர் வரக்கூடாது, சேர் என்ற மரியாதை குறையக்கூடாது. வாய்விட்டுக் கேட்கும் தைரியம் இல்லாமல்தான் ஒரு ஞாயிறு விடிய முன் டேங்கடிக்குப் போய் மேல்வீட்டு வால்வை மூடினேன்.

காலையில் அந்தப் பிள்ளை, அவர் மனைவி, இறங்கி வந்தார்.

“சேர், மேல தண்ணி வரல.”

“லைன்ல வெட்டு போல. எங்களுக்கும் இல்ல.”

நான் சொல்லி முடிக்கும்போது உள்ளே என் மனைவி அரிசி கழுவிக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீர் சட்டியில் விழும் சத்தம் வாசலுக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தப் பிள்ளை என் தோளுக்கு மேலாக உள்ளே ஒரு பார்வை பார்த்தார். “சரி சேர்” என்று சொல்லிப் படியேறிப் போனார். கொஞ்ச நேரத்தில் பெரிய பையன் வாளியோடு பீலிக்கு இறங்கினான். என் பாடசாலையில் படிக்கிறவன். அன்றும் நான் வால்வைத் திறக்கவில்லை. பிறகு என் மனைவிதான், என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், போய்த் திறந்துவிட்டார். அந்த மாதக் கடைசியில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள்.

வேறு வழி இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழி இருந்தது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. செலவு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். வாடகைக்கு விட்ட வீட்டைத் திரும்பப் பெறும் வழக்குகளைச் சுருக்கி நடத்த 2023இல் தனிச் சட்டமே வந்தது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்துக்குள் புதிய வீடுகள் வராது என்று சிலர் தைரியம் சொன்னார்கள். வராவிட்டாலும், குடியிருப்பவரை வெளியேற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான். தோட்டத்து ஆபீஸ்கூட எங்களுக்குக் கடிதம்தான் அனுப்பியது. நான் அதையும் செய்யவில்லை.

அவர் தர வேண்டிய பாக்கி உண்மை. ஆனால் என்னைக் கடனில் தள்ளியதில் அந்தப் பாக்கியின் பங்கு சிறியது. ஏறிய வட்டிக்கும் சரிந்த சுவருக்கும் அவர் பொறுப்பில்லை. என் கணக்கு பிழைத்த கோபத்தை, கைக்கு எட்டிய மனிதர் மேல் காட்டினேன். வாடகைக்காரர் ஒழுங்காகத் தந்திருந்தாலும் அந்தச் சுவர் விழுந்திருக்கும்.

இதை எழுதுமுன் அவரைத் தேடிப்போய், தண்ணீரை மூடியது நான் என்று சொன்னேன். அவருக்கு அன்றைக்கே தெரியும். கோபமாகவும் பேசவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பாக்கியைப் பற்றி அவரே பேச்செடுத்தார். முதல் தடவையாக இருவரும் தாளில் கணக்குப் போட்டோம். அட்வான்ஸைக் கழித்து, பெட்ரோல் இல்லாத மாதங்களுக்குப் பாதி வாடகை என்று வைத்து, மீதியை மாதாமாதம் கொஞ்சமாகத் தருவதாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

இப்போது மேல்வீட்டில் வேறொரு குடும்பம் இருக்கிறது. வாடகையில் மூன்றில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென்று தனிக் கணக்கில் போடுகிறேன். புதுச் சுவரில் நீர் வடியக் குழாய் இருக்கிறது. உடன்படிக்கை நொத்தாரிசு முன் எழுதியது. என்ன தகராறு வந்தாலும் வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது என்று அதில் ஒரு வாசகம் சேர்க்கச் சொன்னேன். இப்படி எழுதச் சொல்லிக் குடிவருபவர்தான் கேட்பார், வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்ததில்லை என்றார் நொத்தாரிசு. என்னைக் கட்டத்தான் அது வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.