சிவப்பு நீங்கிய வட்டம்

"கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க தம்பி" என்றார் பெரியவர்.

மாடல் விமானத்தின் இறக்கைமேல் விரலை ஓட்டினேன். பார்வைக்கு ஒரே சாம்பல் நிறம், வழவழப்பு. விரல் நுனிக்கு மட்டும் மெல்லிய வரம்பு ஒன்று தட்டுப்பட்டது. அது வளைந்து சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. உள்ளே இன்னொரு வட்டம். முன்பு அங்கே இருந்த பிரிட்டிஷ் விமானப்படைச் சின்னத்தின் விளிம்புகள் அவை.

"பெயின்ட் போயிருச்சு, ஓரம் போகலை. இதுக்கு மேல புதுசு அடிச்சா, வெயில்ல சாய்க்கும்போது பழைய வட்டம் எந்திரிச்சு நிக்கும்." வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

கலிஃபோர்னியாவில் லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பிளசன்டனைக் கடந்திருக்கிறேன். இறங்கியது இதுதான் முதல் தடவை. காலை ஆறரைக்கே வரச் சொல்லியிருந்தார். இங்கே கோடை மதியத்தில் ஸ்பிரே கன்னிலிருந்து கிளம்பும் பெயின்ட் பரப்பைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து, மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக உட்கார்ந்துவிடும். அதனால் பெயின்ட் வேலை எல்லாம் விடியலில்தான்.

கராஜில் கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு ஹாக்கர் ஹரிகேன் பிரித்துப் போடப்பட்டிருந்தது. ஆறில் ஒரு பங்கு அளவு. நிஜ விமானத்தின் இறக்கை 40 அடி. இதற்கு ஏறக்குறைய ஆறே முக்கால் அடி. பாட்டரி மோட்டாரில், ரேடியோ கட்டுப்பாட்டில் பறப்பது. யாரோ பறக்கவிட்டுச் சலித்ததைப் பழசாக வாங்கியிருக்கிறார். வாங்கும்போது 1940-இல் இங்கிலாந்து வானில் சண்டையிட்ட ஹரிகேனின் நிறத்தில் இருந்ததாம். அவருக்கு வேண்டியது திருச்சி ஹரிகேன்.

திருச்சிக்கும் ஹரிகேனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் அன்றுவரை தெரியாது. இந்திய விமானப்படையின் 6-ஆம் ஸ்குவாட்ரன் 1942 டிசம்பர் 1 அன்று திருச்சிராப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதன் விமானம் ஹரிகேன், தலைவர் மெஹர் சிங். பர்மா எல்லையில், அரக்கான் காடுகளுக்கு மேல் தாழப் பறந்து எதிரியின் நடமாட்டத்தைப் படம் எடுத்து வருவது அவர்கள் வேலை. பிரிட்டிஷ் பதினான்காம் படையின் கண்கள் என்று பெயர் வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் டி.எஸ்.ஓ. விருது பெற்ற ஒரே இந்திய விமானப்படை அதிகாரி மெஹர் சிங்.

இவருடைய அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் பெயின்டர். 1928-இல் திறந்த பணிமனை அது. போர்க்காலத்தில் அங்கே சண்டை விமானங்களும் பழுதுபார்க்க வந்ததாக அப்பா சொல்லுவாராம். "பெயின்ட் அடிக்கிறவன் பெரிய ஆள் இல்லடா, சுரண்டுறவன்தான் ஆளுன்னு சொல்லுவாரு. அப்ப புரியல."

அன்று காலை முழுக்க நான் பார்த்தது அந்தச் சுரண்டலைத்தான். இறக்கையின் மேல் ஆயிரக்கணக்கில் ரிவெட் தலைகள். எல்லாம் வெள்ளைப் பசையை மெல்லிய ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக வைத்தவை. ஒவ்வொன்றும் கடுகில் பாதிகூட இருக்காது. பெயின்ட் ரிமூவரைத் தடவினால் பெயின்டோடு ரிவெட்டும் கரையும், அடியிலுள்ள கண்ணாடி இழையின் பிசினும் இளகும். மெத்திலீன் குளோரைடு கலந்த பழைய ரிமூவர்களின் ஆவி ஆட்களைக் கொன்றிருக்கிறது. 2019-இல் அவற்றைப் பொதுமக்களுக்கு விற்பதே இந்த நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆகவே, ஐஸ்கிரீம் குச்சியை அரை விரல் அகலத்துக்குச் சீவி, அதில் வாட்டர் பேப்பர் ஒட்டி, இரண்டு ரிவெட் வரிசைகளுக்கு நடுவே மட்டும் தேய்க்கிறார். பத்துத் தேய்ப்புக்கு ஒரு முறை துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கிறார். ஒரு சாண் இடத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. தப்பித் தவறிப் போன ரிவெட்டை உடனே ஊசியால் திரும்ப வைத்துவிடுகிறார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே அவரிடம் இல்லை.

உடலின் பின்பாதி கதை வேறு. நிஜ ஹரிகேனில் அந்தப் பகுதிக்குத் தகடு கிடையாது. மரச் சட்டங்களின் மேல் துணிதான். மாடலிலும் அப்படியே. துணியின் மேல் பெயின்டைத் தேய்த்தால், சட்டம் மேடிட்டிருக்கும் இடத்தில் துணி நைந்துவிடும். அதனால் துணியையே எடுத்துவிட்டார். இஸ்திரிப் பெட்டியால் லேசாகச் சூடுகாட்டி, துணியை மேலே தூக்காமல், பின்பக்கமாக மடக்கித் தாழ்வாக இழுக்க வேண்டும். தூக்கினால் பால்சா மரத்தின் நார் கூடவே பிய்ந்து வரும். துணி போனபின் அந்தப் பின்பாதி மீன் முள்ளைப் போலக் கிடந்தது.

பழைய பெயின்டின் மேலேயே அடித்துவிட்டால் என்ன என்று கேட்டேன். வால் பகுதியை என் கையில் தந்தார். "ஹரிகேனுக்கு மூக்கு குட்டை, வால் நீளம். வாலில் பத்து கிராம் ஏறினா மூக்கில் இருபத்தஞ்சு கிராம் ஈயம் வைக்கணும். பெயின்ட் அழகு மட்டும் இல்ல தம்பி, எடை." சுவரில் தொங்கிய நோட்டில் ஒவ்வொரு பாகத்தின் எடையும் உரிப்பதற்கு முன், உரித்த பின் என்று இரண்டு பத்திகளில் எழுதியிருந்தது.

மருமகள் காபியோடு வந்தார். சின்னங்களுக்கான ஸ்டென்சிலை ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தில் வெட்டித் தருவது அவர்தான். "மாமா, நீலத்துல இன்னும் கொஞ்சம் வெள்ளை சேர்க்கணும். தூரத்துல கறுப்பாத் தெரியும்" என்றார். நிஜ விமானத்தின் நிறத்தை அப்படியே சின்ன மாடலில் அடித்தால் பொம்மையைப் போல அழுத்தமாகத் தெரியும். ஒரு துளி வெளுப்பு கலந்தால்தான் கண் நம்பும். மாமனார் மறுபேச்சில்லாமல் கிண்ணத்தை நீட்டினார்.

புதிய சின்னத்தில் இரண்டே நிறம்: வெளியே கருநீலம், நடுவில் இளநீலம். பிரிட்டிஷ் சின்னத்தின் நடுவிலிருந்த சிவப்பை, ஜப்பானிய விமானத்தின் செவ்வட்டம் என்று நினைத்துத் தம் பக்கத்து ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, கிழக்குப் போர்முனையில் எடுத்துவிட்டார்கள். இந்தக் கராஜில் அந்தச் சிவப்பு இப்போது தண்ணீர் வாளியின் அடியில் வண்டலாகக் கிடந்தது. இங்கே சட்டப்படி 250 கிராமுக்கு மேற்பட்ட மாடலின் வெளிப்புறத்தில் பதிவு எண் தெரிய வேண்டும். அதைப் பின் இறக்கைக்கு அடியில் பொடி எழுத்தில் வைக்கப் போகிறார்கள்.

மதியம் நான் கிளம்பும்போது புதுத் துணி வெட்டியாகிவிட்டது. அதைப் போர்த்துமுன் பென்சிலால் உள்ளே ஒரு சட்டத்தில் ஏதோ எழுதினார். குனிந்து பார்த்தேன். அன்றைய தேதி. அதன் கீழே, பொன்மலைப் பணிமனையில் அப்பாவின் டோக்கன் நம்பர்.

"துணி போட்டுட்டா யாருக்கும் தெரியாதே சார்?"

"தெரிய வேண்டாம்" என்றார். இஸ்திரிப் பெட்டியைத் துண்டுத் துணியில் ஒற்றிச் சூடு பார்த்துவிட்டு, வால் முனையிலிருந்து தேய்க்கத் தொடங்கினார்.