கவர் தொப்பி

லால்பேட்டை நண்பர் ஒருவர், "கேரிபேக்கைத் துணியாக்கிப் பொம்மைக்குத் தொப்பி தைக்கிற அக்கா எங்க தெருவுல இருக்காங்க, வந்து பாருங்க" என்றார். கிளம்பிவிட்டேன். சேத்தியாத்தோப்பு தாண்டினால் வீராணம் ஏரிக்கரையோடு சாலை போகிறது. சோழர் காலத்து ஏரி. 2004 முதல் சென்னைக்கும் தண்ணீர் கொடுக்கிறது. அதன் கரையோர முட்செடிகளில் கேரிபேக்குகள் சிக்கிக் கிடந்தன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட சரக்கு, இன்னும் தீரவில்லை.

அக்கா முன்பு கொடிக்காலில் வெற்றிலை அடுக்கியவர். முற்றல், இளசு, அழுகல் என்று தொட்ட மாத்திரத்தில் பிரித்துக் கவுளி கட்டிய விரல்கள். இன்று அதே விரல்கள் கவர்களைப் பிரிக்கின்றன. கசக்கினால் சலசலப்பது ஒரு குவியல், வழவழவென்று இழுபடுவது இன்னொன்று. உள்ளே வெள்ளிப்பூச்சு உள்ள சிப்ஸ் உறைகளையும், கனமான பிவிசி தாள்களையும் தொடுவதே இல்லை. பிவிசி சூடுபட்டால் அமில வாயு கிளம்பும். "கண்ணு கரிக்கும் தம்பி, அத வீட்டுக்குள்ளயே விடக்கூடாது" என்றார்.

கழுவிக் காயவைத்த கவரின் காதையும் அடித்தையலையும் வெட்டி, விரித்து, நாலைந்து அடுக்காக வைக்கிறார். அச்செழுத்து உட்பக்கம் போக வேண்டும்; வெளியே இருந்தால் மை இளகி அப்பும். மேலும் கீழும் பட்டர் பேப்பர். அதன்மேல்தான் இஸ்திரிப் பெட்டி.

பழைய பெட்டி, கைப்பிடியில் துணி சுற்றியிருந்தது. மொத்தத் தொழிலும் அதன் திருகில்தான் இருக்கிறது. கேரிபேக்கின் பாலிஎத்திலீன் ஏறக்குறைய 105 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள் இளகிவிடும். பருத்திக்கு வைக்கிற சூட்டை வைத்தால் ஓட்டை விழும். குறைத்தால் அடுக்குகள் ஒட்டாமல் உரிந்துவரும். பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தாமல், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போகிறார். தாள் லேசாகச் சுருங்கும்போது கை தானாக நிற்கிறது. ஜன்னல், கதவு எல்லாம் திறந்தே இருக்கின்றன. ஆறியபின் உரித்தால் ரெக்சின் போல வளைந்துகொடுக்கும் ஒரு துணி.

பிறகு டம்ளரையும் பாட்டில் மூடியையும் வைத்து வட்டம் வரைந்து வெட்டித் தைக்கிறார். குண்டூசி குத்துவதில்லை, இதில் விழுந்த துளை மூடாது. தையலும் நெருக்கமாகப் போகக் கூடாது, அந்த வரிசையிலேயே கிழியும்.

தொப்பிகளை எடுத்துப்போகிற வியாபாரி கொடுக்கும் கூலி ஒரு டீக்குக்கூடக் காணாது. கேட்டால், "சும்மா கிடைக்கிற குப்பைதானே" என்கிறாராம். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொறுக்கியது, கழுவியது, பிரித்தது, கரண்ட் பில் கட்டியது, அனலில் நின்றது எல்லாம் சும்மா வந்ததா? சரக்குக்கு விலை இல்லை என்றால், அந்தத் தொப்பியின் விலை முழுவதும் உழைப்பின் விலை. அப்படியானால் பெரும்பங்கு அவருக்கல்லவா சேர வேண்டும்? கடையில் அந்தத் தொப்பி போட்ட பொம்மைக்கு 'சுற்றுச்சூழல் நேயம்' என்று சீட்டு ஒட்டி விலை ஏற்றுகிறார்கள். அந்த நேயத்தில் ஒரு பங்கு இந்த வாசலுக்கு வர வேண்டாமா?

வழி இல்லாமல் இல்லை. 2004 சுனாமிக்குப் பின் ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் மீனவப் பெண்களுக்குக் கழிவுத் துணியில் 'சுனாமிகா' பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பொம்மையை விற்பதில்லை, அன்பளிப்பாகத் தருகிறார்கள். நன்கொடைப் பணத்தில் பெண்களுக்குக் கூலி கிடைக்கிறது. இடையில் ஆள் இல்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொருள்களை விற்க அரசின் 'பூமாலை' வளாகங்களும் இருக்கின்றன. லால்பேட்டைப் பெண்கள் பத்துப்பேர் குழுவாகி, அங்கே ஓர் இடம் கேட்கலாம். கேட்கிறவர்களுக்குப் பேரூராட்சி கழுவிப் பிரித்த கவரையும் கொடுக்கலாம்.

வாங்குகிற நாமும் ஒன்று செய்யலாம். மறுசுழற்சிப் பொருள் என்று யாராவது நீட்டினால், செய்தவருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்போம். பதில் வராத கடையில் வாங்காமல் வருவோம்.