ஓசையற்ற வருகை

பதினாறு ஆண்டுகள் என்னைச் சுமந்த பெட்ரோல் வண்டியைச் சென்ற ஆண்டு தவக்காலத்தின் தொடக்கத்தில் விடை கொடுத்து அனுப்பிவிட்டு, மின்சாரத்தில் ஓடும் வண்டி ஒன்றை வாங்கினேன். எங்கள் பங்கிற்கு மூன்று கிளை ஆலயங்கள். திருப்பலி, நோயாளர் சந்திப்பு, அன்பியக் கூட்டம், பள்ளி அலுவல் என்று நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் இளைஞர் ஒருவர்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். "ஃபாதர், ஒரு தடவை சார்ஜ் ஏத்த மூணு யூனிட்டுதான். நீங்க பெட்ரோலுக்குப் போடற காசுல கால்வாசி கூட ஆகாது" என்றார். மின் வண்டித் தொழில் நமக்குப் புதியதும் அன்று. ஆம்பியர் என்னும் நிறுவனம் நம் கோயம்புத்தூரிலேயே 2008-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்று ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் பெரும் ஆலைகள் எழுந்துள்ளன.

பணக் கணக்கு ஒருபுறம் இருக்க, மனச்சான்றின் கணக்கும் ஒன்று இருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் நம் பொதுவான இல்லமாகிய பூமியைக் குறித்து எழுதிய சுற்றுமடலை இளையோருக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். விளக்கி முடித்ததும் புகை கக்கும் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போவேன். அந்த முரண் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே புதிய வண்டியை ஆலய முற்றத்தில் தீர்த்தம் தெளித்து மந்திரித்தபோது, என்னையே நான் சற்றுத் தூய்மைப்படுத்திக்கொண்டதாக எண்ணினேன். அந்த எண்ணத்தைப் பற்றித்தான் இங்கே எழுத விழைகிறேன்.

முதல் சில வாரங்கள் மகிழ்ச்சியாகவே கழிந்தன. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளை ஆலயத்திற்குப் புறப்பட்டால் சக்கரம் மண்ணை அரைக்கும் ஒலியன்றி வேறு ஒலியில்லை. பழைய வண்டியில் பதினாறு ஆண்டுகள் போய்வந்த அதே சாலையில், வேப்பமரத்துக் காகங்களையும், லைன் வீடுகளில் பாத்திரம் துலக்கும் ஓசையையும், இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் பெண்கள் தமக்குள் பேசிச் சிரிப்பதையும் அப்போதுதான் கேட்டேன். ஓரேபு மலையில் எலியா இறைவனைச் சூறைக்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் காணாமல், மெல்லிய ஒலியில் கண்டுகொண்ட நிகழ்ச்சியை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் திருப்பூரில் வாழ்கிறவன், தூய்மை என்ற சொல்லை எளிதில் நம்பிவிட முடியாது. வெளுத்த துணியும் சாயமேற்றிய துணியும் எங்கள் ஊரிலிருந்து கப்பலேறிக் கடல் கடந்து போயின. அவற்றைக் கழுவிய நீர் நொய்யலில் இறங்கிற்று. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் அந்த ஆறு, பாசனத்திற்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக்கழிவின் தேக்கமாக்கியது. வாங்கி உடுத்தியவருக்குத் தூய ஆடை கிடைத்தது. அழுக்கு, கீழ்க்கரை உழவரின் வயலில் தங்கியது. என் வண்டியும் அவ்வாறே அல்லவா? என் வண்டியின் பின்னே புகையில்லை. ஆனால் அதற்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளில் பிறந்தாலும், இன்னொரு பங்கு மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் எரியும் நிலக்கரியிலிருந்தும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்தும் வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும் மாதங்களில் என் மனச்சான்று சற்று இலேசாகும். மற்ற மாதங்களில் கனக்கும். சிலவகை மின்கலங்களுக்கு வேண்டிய கோபால்ட் என்னும் உலோகத்தின் பெரும்பகுதி காங்கோ நாட்டில் தோண்டப்படுகிறது. அங்கே சிறுவர்களும் குழிகளில் இறங்கி உழைப்பதை உலகம் அறியும். புகையை நான் ஒழித்துவிடவில்லை. என் கண்ணுக்கு எட்டாத இடத்திற்கு அனுப்பிவிட்டேன். இதனால் மின் வண்டி தீது என்று சொல்ல வரவில்லை. பழையதைவிட இது நல்லதே. ஆனால் ஒரு பொருளை வாங்குவதால் மாசற்றவனாகிவிடலாம் என்ற எண்ணந்தான் தீது.

இங்கே நான் ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும்.

2011 சனவரி இறுதியில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டும்வரை திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அப்போதும் நான் இதே பங்கில்தான் பணியாற்றினேன். பிறகு மாற்றலாகிச் சென்று, நெடுநாள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறேன். ஆணை வந்த வாரத்தின் ஞாயிறு மறையுரையில் நீதிமன்றத்தைப் பாராட்டிப் பேசினேன். படைப்பைக் காப்பது நம்பிக்கையாளரின் கடமை என்றேன். அன்று பேசியதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்றே இன்றும் நம்புகிறேன். திருப்பலி முடிந்ததும் திருப்பண்ட அறையின் வாயிலில் ஒருவர் வந்து நின்றார். திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். சாயப்பட்டறையில் வின்ச் இயந்திரத்தில் வேலை. கை நகங்களில் எப்போதும் ஏதாவதொரு நிறம் இருக்கும். அன்றைக்கு நீலம்.

"சாமி, ஆத்துக்காகப் பேசுனீங்க, சந்தோசம். எங்களுக்காக என்னைக்குப் பேசுவீங்க?"

அவ்வளவுதான் கேட்டார். எல்லாம் சரியாகிவிடும் என்று ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பினேன். சரியாகவில்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பாடாகிப் பட்டறைகள் மீண்டும் இயங்கத் தொடங்குவதற்குள் அவர் வட்டிக்கு வாங்கியது, மகளின் படிப்பை நிறுத்திக் கைமடி வேலைக்கு அனுப்பியது, அனைத்தும் நடந்து முடிந்தன. ஞாயிறு திருப்பலிக்கு வருவார். ஆலயத்தின் கடைசித் தூணருகே நிற்பார். நற்கருணை வாங்க முன்வர மாட்டார். ஒப்புரவு அருளடையாளத்திற்கும் வந்ததில்லை. நான் திரும்பி வந்த பிறகும் அவ்வாறே. அவருடைய கேள்வி எனக்கும் அவருக்கும் நடுவே ஓராள் போல நின்றுகொண்டிருந்தது. ஒருநாள் அவர் வீட்டிற்குப் போய் அமர்ந்து பேச வேண்டும் என்று நினைப்பேன். வேலை வந்துவிடும்.

சென்ற ஆண்டு செப்டம்பரில் ஒருநாள் இரவு எட்டரை மணிக்கு அவர் மனைவி கைப்பேசியில் அழைத்தார். கணவர் சில மாதங்களாக நுரையீரல் நோயில் படுத்திருந்தார். மருத்துவமனையில் இனிச் செய்வதற்கில்லை என்று வீட்டிற்கு அனுப்பிவிட்டார்கள். "சாமியக் கூப்புடுன்னு அவரே சொல்றாருங்க. பேசணுமாம்" என்றார். பதினான்கு ஆண்டுகளாக நான் காத்திருந்த சொல் அது.

நற்கருணைப் பேழையிலிருந்து ஆண்டவரை எடுத்துக்கொண்டேன். திருஎண்ணெயை எடுத்துக்கொண்டேன். வண்டியில் ஏறியபோதுதான் பார்த்தேன். மின்கலத்தில் பதினைந்து விழுக்காடுதான் இருந்தது. முந்தைய இரவு விருந்தினர் வந்து பேசிக்கொண்டிருந்ததில் மின்னேற்ற மறந்திருந்தேன். பகல் முழுவதும் அலைந்தபோதும் கவனிக்கவில்லை. போக வேண்டிய தொலைவு பதினொரு கிலோமீட்டர். கணக்குப்படி போதும் என்று தோன்றியது. ஆனால் விளம்பரம் சொல்லும் தொலைவு வேறு, மேடும் பள்ளமுமான சாலை தரும் தொலைவு வேறு. அதுவும் எனக்கு முன்பே தெரியும். மங்கலம் சாலையில் செல்லச் செல்ல எண்கள் விரைந்து இறங்கின. வேகம் தானாகவே குறைந்தது. இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கையில் வண்டி நின்றுவிட்டது.

பெட்ரோல் தீர்ந்தால் வழியில் போகிற எவரிடமும் கால் லிட்டர் கேட்டுப் பெறலாம். மின்சாரத்தை யாரும் புட்டியில் பிடித்துத் தர முடியாது. பத்துத் தோழியர் உவமையில், எண்ணெயைப் பகிர்ந்து தர மறுத்தவர்களைத் தன்னலக்காரர்கள் என்று இளம் வயதில் நினைத்ததுண்டு. சில ஆயத்தங்களைக் கடனாகத் தர இயலாது என்பதே அதன் பொருள் என்று குருமடத்தில் பேராசிரியர் விளக்கினார். நானும் பல ஆண்டுகளாக அதையே மறையுரையில் விளக்கி வந்திருக்கிறேன். அந்த இரவில், அணைந்த விளக்கோடு சாலையில் நின்றவன் நானேதான்.

இரண்டு பேரைக் கைப்பேசியில் அழைத்தேன். ஓவர்டைமில் இருந்தார்கள் போலும், எடுக்கவில்லை. கைகாட்டிய வண்டிகள் நிற்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஒரு கிலோமீட்டர் போயிருப்பேன். மிதிவண்டியில் வந்த வடநாட்டு இளைஞன் ஒருவன் என் வெள்ளை அங்கியைப் பார்த்து நிறுத்தினான். "ஃபாதர்?" என்று கேட்டுச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டான். ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தைச் சேர்ந்தவன். எனக்கு இந்தி வராது. அவனுக்குத் தமிழ் நாலைந்து சொல்தான். என் கையிலிருந்த நற்கருணைச் சிமிழே அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. என் வண்டியை ஒரு மளிகைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, மிதிவண்டியின் கேரியரில் என்னை ஏற்றிக்கொண்டு மிதித்தான். மின்கலமும் எரிபொருளும் இன்றி, பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்த இரண்டு கால்களே ஆண்டவரைச் சுமந்து சென்றன.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தை நெருங்கியிருந்தது. அவர் நினைவிழந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.

மூச்சு இருந்தது. நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினேன். மன்னிப்பின் மந்திரத்தைச் சொன்னேன். நினைவற்றவருக்கும் அருளடையாளம் பலன் தரும் என்று திருச்சபை கற்பிக்கிறது. அது பணியாளனின் தகுதியைப் பொறுத்ததன்று என்பதையும் நான் ஐயமின்றி நம்புகிறேன். ஆனால் பூசுவதற்காக அவர் விரல்களை விரித்தபோது நகங்கள் வெளுத்து, நிறம் ஏதுமின்றி இருந்தன. அவருக்கு மன்னிப்பு வழங்கிக்கொண்டிருந்த நான், அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவனாக இருந்தேன். சடங்கு நூலில் அதற்கென ஒரு பக்கம் இல்லை. விடிவதற்குள் அவர் இறந்தார்.

அடக்கம் முடிந்து ஏழாம் நாள் அவர் வீட்டிற்குச் சென்றேன். என் தவற்றை மறைக்காமல் சொன்னேன். அந்த அம்மா கோபிக்கவில்லை. சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அவர் உங்க வண்டிச் சத்தத்துக்கே காது வெச்சுட்டு இருந்தாருங்க சாமி. தெருவுல எந்த வண்டி போனாலும் கண்ணத் தொறப்பாரு. 'சாமி வண்டி இல்ல'ன்னு மறுபடி மூடிக்குவாரு. உங்க புது வண்டிக்குச் சத்தம் இல்லைன்னு அவருக்குத் தெரியாதுங்க."

குற்றஞ்சாட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். எந்த ஓசையின்மையை நான் இறைவனின் கொடையாக எண்ணி மகிழ்ந்தேனோ, அதுவே ஒருவருக்கு இறுதிவரை வராத ஒலியாகிவிட்டது. பார்வையற்றோர் நெருங்கி வரும் வண்டியை அறியாமல் ஆபத்திற்குள்ளாகலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019 சூலை முதல் புதுவகை மின் கார்களில் ஒலியெழுப்பும் கருவியைக் கட்டாயமாக்கியதைப் பின்னர் அறிந்தேன். வருகிறவன் தன் வரவை அறிவிப்பது வருகிறவனுக்காக அன்று, காத்திருப்பவருக்காகவே என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

அவர் என்னிடம் என்ன பேச நினைத்தார்? பாவம் அறிக்கையிடவா? 2011-இன் கேள்வியை மீண்டும் கேட்கவா? என்னை மன்னிக்கவா? அவர் மனைவிக்கும் தெரியாது. ஒவ்வொரு நாளும் எனக்குப் பிடித்தமான விடை ஒன்றைத் தேர்ந்துகொள்ள மனம் முயல்கிறது. நான் அதற்கு இடங்கொடுப்பதில்லை.

வண்டியை விற்றுவிடலாமா என்று யோசித்தேன். என் ஆன்ம ஆலோசகரான முதிய குரு கேட்டார்: "மின்னேற்ற மறந்தது வண்டியா, நீரா? பதினான்கு ஆண்டுகள் அந்த வீட்டிற்குப் போகாமல் இருந்ததும் மின்கலத்தின் குறையா?" அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் வேறு தேவைப்படவில்லை.

நவம்பர் 2-ஆம் நாள், இறந்த விசுவாசிகளை நினைவுகூரும் திருப்பலியின் மறையுரையில், 2011-இல் சொன்னதை மீண்டும் சொன்னேன். அன்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னேன். ஆறு பிழைக்க வேண்டும் என்பது உண்மை. அதற்கான விலையை ஆற்றைக் கெடுத்ததில் மிகக் குறைந்த ஆதாயம் பெற்றவர்களே மிக அதிகமாகக் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. அந்நாளில் பங்கின் உண்டியலும் பங்குத்தந்தையின் நேரமும் அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை என்றேன். ஆலயம் அமைதியாக இருந்தது. கடைசித் தூணருகே யாரும் இல்லை.

இப்போது ஒவ்வோர் இரவும் இறுதிச் செபத்திற்கு முன் வண்டிக்கு மின்னேற்ற இணைப்பைக் கொடுக்கிறேன். அதைச் செபத்தின் பகுதியாகவே கொள்கிறேன். மிதிவண்டி மணி ஒன்றை வாங்கிக் கைப்பிடியில் பொருத்தியிருக்கிறேன். தெருமுனையிலேயே மூன்று முறை அடிப்பேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஐஸ்காரர் என்று நினைத்து ஒரு குழந்தை ஓடி வந்ததும் உண்டு. பரவாயில்லை. உள்ளே படுத்திருக்கும் யாரோ ஒருவருக்கு, நான் வந்துகொண்டிருக்கிறேன் என்பது தெரிய வேண்டும்.