மடக்கு வீல் ஸ்டாண்ட் வாங்கப் போறீங்களா? முதல்ல காலைப் பாருங்க

கார் ரேஸ் கேம் ஆட ஆசைப்பட்டு ஒரு ஸ்டீயரிங் செட் வாங்கிட்டீங்க. சாப்பாட்டு மேஜையில மாட்டினா மேஜை ஆடுது. பெடலைத் தரையில வெச்சா, பிரேக் மிதிக்கும்போதெல்லாம் அது நகர்ந்து நகர்ந்து சுவர் வரைக்கும் போயிடுது. அடுத்து எல்லாரும் தேடுறது மடக்கி ஓரமா வைக்கிற மாதிரி ஒரு வீல் ஸ்டாண்ட். அதுவும் கம்மி விலையில.

போன மாசம் நான் போட்ட ஒரு போட்டோவைப் பார்த்துட்டு, சுகர் மாத்திரை சந்தேகங்களுக்கு நடுவுல இதையும் நிறைய பேர் இன்பாக்ஸ்ல கேட்டுட்டீங்க. தனித்தனியா பதில் சொல்லி மாளல. அதனால இந்த இழை. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

நான் இன்ஜினியர் இல்ல, பொது மருத்துவன். ஆனா இரும்புக் குழாய்க்கு நடுவுல ஒரு மனுஷ உடம்பு மணிக்கணக்கா உட்காரப் போகுதுன்னா, அதுல எனக்கும் சொல்றதுக்கு விஷயம் இருக்கு.

"இந்த ஸ்டாண்ட் என் ஸ்டீயரிங்கைத் தாங்குமா டாக்டர்?" இதுதான் முதல் கேள்வி. தாங்கும். லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங் சுமார் 2.25 கிலோதான். அதன் மோட்டார் உங்க கையை எதிர்த்துத் திருப்புற விசை சுமார் 2 நியூட்டன் மீட்டர். ஓரளவு ஒழுங்கா வெல்டிங் செய்த எந்த ஸ்டாண்டும் அதைச் சமாளிச்சுடும். மோசா ஆர்5 மாதிரி 5.5 நியூட்டன் மீட்டர் தர்ற டைரக்ட் டிரைவ் வெச்சிருக்கீங்கன்னா கதை வேற. அதுக்கு விலை குறைஞ்ச மடக்கு ஸ்டாண்ட் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடும்.

அசல் சோதனை கீழே நடக்குது. ஜி29-ல நடு பெடல்தான் பிரேக். உள்ளே ஒரு ரப்பர் கட்டை இருக்கு, அதனால பாதிக்கு மேல நல்லா அழுத்தணும். ஒரு வளைவுக்கு முன்னால நீங்க 30 கிலோ அளவுக்கு மிதிக்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. அதே 30 கிலோ உங்க முதுகு வழியா நாற்காலியைப் பின்னாடி தள்ளும். நியூட்டன் மூன்றாம் விதி, பத்தாம் வகுப்புல படிச்சதுதான். உருளைச் சக்கரம் வெச்ச ஆபீஸ் நாற்காலின்னா, நீங்க பிரேக் பிடிக்கிறதில்ல, பின்னாடி பயணம் போறீங்க. லோட் செல் பெடலுக்கு மாறினா இன்னும் மோசம். அது பெடல் போன தூரத்தை அளக்காது, காலோட அழுத்தத்தையே அளக்கும்.

அதனால ஸ்டாண்ட் வாங்கும்போது கூடவே நாற்காலியையும் யோசிக்கணும். சக்கரத்தைக் கழற்றிட்டு மொட்டைக் குமிழ் மாட்டலாம். இல்லன்னா நாற்காலியின் முன்கால்களையும் ஸ்டாண்டின் அடிக்குழாயையும் நைலான் பெல்ட்டால இறுக்கிக் கட்டிடலாம், லக்கேஜ் கட்டுற பெல்ட்டே போதும். பைக் கேரியர்ல கட்டுற எலாஸ்டிக் கயிறு வேண்டாம், அது இழுபடும். பெல்ட் மாட்டின பிறகு நாற்காலியும் ஸ்டாண்டும் ஒரே உருப்படி ஆயிடும். இதுக்கு 200 ரூபாய்கூட ஆகாது. 15,000 ரூபாய் ஸ்டாண்டும் பெல்ட் இல்லாத நாற்காலியும் வெச்சிருக்கிறவரைவிட, 8,000 ரூபாய் ஸ்டாண்டும் பெல்ட்டும் வெச்சிருக்கிறவர் நிம்மதியா ஓட்டுவார்.

இன்னொண்ணு, ஜி29 பெடலுக்கு அடியில கார்ப்பெட்டைக் கவ்வுறதுக்கு ஒரு பல்வரிசை இருக்கு. நம்ம வீட்டு டைல்ஸ்ல அதுக்கு வேலையே இல்ல. அடியில இருக்கிற திருகு ஓட்டைகள்ல எம்6 போல்ட் போட்டு ஸ்டாண்டோட முடுக்கிடுங்க. ஸ்டீயரிங்குக்கும் அப்படியே.

சரி, இப்ப அந்தப் போட்டோ. அதுல ஓட்டிக்கிட்டு இருக்கிறது எங்கப்பா.

அப்பா நாமக்கல்ல 31 வருஷம் லாரி ஓட்டினவர். வயசு 64. சர்க்கரை வந்து 15 வருஷம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால அவர் பாதத்துல 10 கிராம் மோனோஃபிலமெண்ட் வெச்சுப் பார்த்தேன். நைலான் இழை மாதிரி இருக்கும், அது வளையிற அளவுக்கு பாதத்துல அழுத்தி, "தெரியுதா?"ன்னு கேட்போம். வலது காலில் கட்டைவிரல், முன்பாதம்னு நாலு இடத்துல அவருக்குத் தெரியல. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையோட அதிர்வும் கட்டைவிரல்ல தெரியல. பிரேக் மேல கால் இருக்கா, எவ்வளவு அழுத்துதுன்னு அந்தக் காலால சொல்ல முடியாது. லாரியை எப்பவோ விட்டுட்டார், ஆனா பழைய ஆம்னி வேனை ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தார். அந்தச் சாவியை நான் வாங்கி வெச்சேன். பதினோரு நாள் என்கூடப் பேசல.

இப்பவும் அதே இடத்துல இருந்தா அதையேதான் செய்வேன். ஆனா அந்தப் பதினோரு நாளும் அம்மா ரெண்டு பேருக்கும் தனித்தனியா சோறு போட்டாங்க.

நான் ராத்திரி ட்யூட்டி முடிச்சு வந்து ரேஸ் ஓட்டுறதுக்குத்தான் செட் வாங்கினேன். அப்பா பின்னாடி நின்னு பார்த்துட்டுப் போவார். ஒருநாள் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்துட்டு, "இதென்னடா கண்ணு, இட்லித் தட்டாட்டம் இருக்குது"ன்னார். லாரி ஸ்டீயரிங் பிடிச்ச கைக்கு அப்படித்தான் தெரியும். யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 போட்டுக் கொடுத்தேன்.

அன்னிலேருந்து, எனக்கு மட்டும் சரியா இருந்தா போதும்ங்கிற கணக்கு மாறிடுச்சு. என் உயரம் 178 செ.மீ, அவர் 162. ரெண்டு உடம்பு, ஒரு ஸ்டாண்ட், ஒரு சின்ன ஹால், பட்ஜெட் 10,000 ரூபாய்.

நண்பர் ஒருத்தரோட ஒற்றைத் தூண் ஸ்டாண்டை ரெண்டு வாரம் இரவல் வாங்கி வெச்சிருந்தேன். நடுவுல ஒரே ஒரு குழாய் மேல ஏறிப் போகும். விலை குறைவு, மடக்கினா ரொம்ப ஒல்லி. ஆனா அந்தக் குழாய் சரியா உங்க ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல, பிரேக் பெடலுக்கு முன்னால நிக்கும். இடது காலால பிரேக் பிடிச்சு வலது காலை ஆக்சிலரேட்டர்லயே வெச்சிருக்கிற ரேஸ்காரங்களுக்குப் பெரிய தொந்தரவில்ல. அப்பா மாதிரி வலது காலையே ரெண்டு பெடலுக்கும் மாத்தி மாத்தி வைக்கிறவருக்கு, ஒவ்வொரு தடவையும் கணுக்காலும் முன்னெலும்பும் அந்தக் குழாயில உரசும். உணர்ச்சி இருக்கிற காலுன்னா "ஆ"ன்னு இழுத்துக்கும். உணர்ச்சி இல்லாத கால் இழுத்துக்காது. மூணாம் நாள் சாக்ஸ்ல ரத்தக் கறையை அம்மா பார்த்துச் சொன்னாங்க. சின்னச் சிராய்ப்புதான், ஆறிடுச்சு. இப்படி ஒரு சிராய்ப்புல ஆரம்பிச்சு விரலை எடுக்கிற வரைக்கும் போன கால்களை வார்டுல பார்த்திருக்கேன். ஸ்டாண்டை அன்னிக்கே திருப்பிக் கொடுத்துட்டேன்.

எனவே என் கட்சி இது: ரெண்டு பக்கமும் தூண் இருக்கிற ஸ்டாண்ட் வாங்குங்க. கால் நடமாடுற இடம் காலியா இருக்கணும். ஆயிரம் ரெண்டாயிரம் கூட ஆனாலும் பரவாயில்ல. கியர் ராடு மாட்டுற தட்டு எந்தப் பக்கமும் மாத்துற மாதிரி இருந்தா இன்னும் நல்லது.

அடுத்து உயரம். கடைக்காரங்க "அதிகபட்ச உயரம் இவ்வளவு"ன்னு பெருமையா போடுவாங்க. உங்களுக்கு வேண்டியது குறைந்தபட்ச உயரம். உங்க நாற்காலியில உட்கார்ந்து, தரையிலிருந்து தொடை மேல்பக்கம் வரைக்கும் டேப் வெச்சு அளங்க. எனக்கு 60 செ.மீ வந்துச்சு. கால் தூக்கி மாத்துறதுக்கு மேல ஒரு 5 செ.மீ விடுங்க. ஸ்டீயரிங் தட்டு அந்த உயரத்துக்கு இறங்கணும். இறங்கலைன்னா கை தோளுக்கு மேல போகும். தோளைத் தூக்கிக்கிட்டே ஒரு மணி நேரம் ஓட்டினா, மறுநாள் கழுத்து வலின்னு எங்ககிட்டதான் வருவீங்க. முழங்கை கொஞ்சம் மடங்கி, தோள் தொங்கி, மணிக்கட்டு நேரா இருந்தா சரியான உயரம்.

"ஃபார்முலா ஒன் டிரைவர் மாதிரி படுத்த வாக்குல உட்காரலாமா?"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். 2005-ல நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஓட்டினாரே, அந்த மாதிரிக் கார்ல சீட்டையே டிரைவரோட உடம்புக்கு அச்செடுத்துச் செய்வாங்க. முதுகு முழுக்க அதுல பதிஞ்சிருக்கும். வீட்டு நாற்காலியில சறுக்கி உட்கார்ந்து காலை நீட்டினா, பின்தொடை நரம்புத் தசை இழுத்து இடுப்பெலும்பு பின்னாடி சாயும். கீழ்முதுகோட இயல்பான வளைவு போயிடும், டிஸ்க்குக்குப் பளு கூடும். அதோட 30 கிலோ பிரேக் வேற. மடக்கு ஸ்டாண்டும் சாதா நாற்காலியும்னா லாரி டிரைவர் மாதிரி நிமிர்ந்து உட்காருங்க. முழங்கால் 90-லிருந்து 120 டிகிரிக்குள்ள இருக்கட்டும். அப்பாவுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையே இருக்கல.

மடக்குற விஷயத்துல ஒரே கேள்விதான்: விரிச்சு ஓட்ட ஆரம்பிக்க எத்தனை நிமிஷம்? ஸ்டீயரிங், பெடல் ரெண்டையும் கழற்றாம மடக்க முடியணும். மூணு நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா ரெண்டாவது மாசம் அது துணி காயப்போடற ஸ்டாண்ட் ஆயிடும். மடக்கின கனத்தைப் பார்த்துட்டு, பீரோவுக்குப் பின்னால போகுமா, கட்டிலுக்கு அடியில போகுமான்னு முன்கூட்டியே அளந்துடுங்க. நிக்க வைக்கிறீங்கன்னா கயிறு போட்டுக் கட்டுங்க. சின்னக் குழந்தைங்க இருக்கிற வீட்டுல கீல் இருக்கிற பக்கம் சுவர்ப்பக்கமா இருக்கட்டும். மடக்கு நாற்காலியில விரல் நசுங்கி அவசர சிகிச்சைக்கு வர்ற குழந்தைங்களைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.

கைக்குமிழ்கள் பிளாஸ்டிக்கா இரும்பான்னு பாருங்க. முதல்ல தேயறது அங்கேதான். பழசு வாங்கினா வெல்டிங் ஓரத்துல பெயின்ட் வெடிச்சிருக்கான்னு செல்போன் டார்ச் அடிச்சுப் பார்க்கணும்.

நான் கடைசியா வாங்கினது 9,000 சொச்சத்துக்கு ஒரு ரெட்டைத் தூண் ஸ்டாண்ட். பிராண்ட் பேரைக் கேட்காதீங்க, அது அடுத்த மாசம் வேற பேர்ல வரும். லேசா ஆட்டம் இருந்துச்சு. அப்பா அதைத் தூக்கிக்கிட்டு, லாரிக்கு பாடி கட்டுற பட்டறை வெச்சிருக்கிற அவரோட நண்பர்கிட்ட போனார். நாமக்கல்ல அதுக்கா பஞ்சம்! பின்பக்கம் ரெண்டு தூணுக்கும் குறுக்கே ஒரு பட்டை இரும்பை வெச்சு, கழற்றுற மாதிரி போல்ட் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கல. அதுக்கப்புறம் ஆட்டமே இல்ல. உங்க ஊர் வெல்டிங் பட்டறையிலயும் இது அரை மணி நேர வேலை.

தூண்கள்ல மார்க்கர்ல ரெண்டு கோடு போட்டிருக்கோம். மேல்கோடு எனக்கு, கீழ்கோடு அவருக்கு.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். இது பிசியோதெரபி இல்ல, நரம்புக்கு வைத்தியமும் இல்ல. கேம்ல நல்லா ஓட்டுறார்ங்கிறதுக்காக ரோட்டுல ஓட்டலாம்னு அர்த்தமும் இல்ல. அப்பாவே ஒரு தடவை அந்தப் பக்கம் பேச்சைக் கொண்டு போனார். "வண்டி மோதினா இங்க ஆஃப் பண்ணிட்டு எந்திரிச்சு வந்துடலாம்ப்பா"ன்னேன். அதுக்கு மேல கேட்கல.

இங்கிலாந்துல மட்டும்தான் ஓட்டுறார். அங்கதான் நம்ம மாதிரி இடது பக்கம் போறாங்களாம். டோவர்ல கப்பல் ஏறி கலேக்குச் சரக்கு கொண்டு போற ஆர்டர் வந்தா, "அந்தக் கோணவழி நமக்கு வேண்டாம்"னு தள்ளி விட்டுடுவார்.

சர்க்கரை நோயாளிகள் யாராவது வீட்டுல இதை ஓட்டினா ஒரு வேண்டுகோள். நம்ம வீட்டுல செருப்புப் போடற பழக்கம் இல்ல, ஆனா இரும்புப் பெடலை வெறுங்காலால மிதிக்க விடாதீங்க. மென்மையான கேன்வாஸ் ஷூ, தையல் உறுத்தாத சாக்ஸ். போடறதுக்கு முன்னால ஷூவைக் கவுத்துத் தட்டணும். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு நடக்கணும். முடிஞ்சதும் உள்ளங்காலைக் கண்ணாடி வெச்சுப் பார்க்கணும், விரலிடுக்கு உட்பட. எங்க வீட்டுல கண்ணாடி ஸ்டாண்டுலயே தொங்குது. அப்பா முணுமுணுத்துக்கிட்டேதான் பார்க்கிறார்.