ஏவன் ஆற்றங்கரைப் பதிவேடுகள்

இலண்டன் மாநகருக்கு வடமேற்கே ஏறத்தாழ நூறு மைல் தொலைவில், ஏவன் ஆற்றின் கரையில் அமைந்துள்ளது ஸ்டிராட்ஃபோர்டு என்னும் ஊர். அங்கு வருவோரிற் பெரும்பாலோர், ஷேக்ஸ்பியர் பிறந்ததாகக் கருதப்படும் ஹென்லி வீதி இல்லத்தைக் கண்டுவிட்டு நாடக அரங்கை நோக்கி விரைகின்றனர். கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பங்குப் பதிவேடுகளோடு உறவாடிவரும் என் போன்ற ஒரு குருவை அதிகம் ஈர்ப்பது, ஆற்றோரத்தில் மரநிழற் பாதையின் முடிவில் நிற்கும் பரிசுத்த திரித்துவ ஆலயமே. பழைய ஞானஸ்நானத் தொட்டியின் உடைந்த பகுதி இன்றும் அங்கே இருக்கிறது. பீடத்தின் அருகே கவிஞரின் கல்லறை.

ஷேக்ஸ்பியர் எழுதிய கடிதம் ஒன்றுகூட நமக்குக் கிட்டவில்லை; நாட்குறிப்பும் இல்லை. மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதைப் பங்குப் பதிவேட்டையும், மேற்றிராசனக் குறிப்பையும், உயிலையும் கொண்டே அறிய வேண்டியுள்ளது. நம் பாட்டன் பூட்டனைத் தேடுவோருக்கும் இதுவே வழியாதலால், இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஒவ்வொரு பங்கிலும் பதிவேடு வைக்க வேண்டுமென 1538-இல் தாமஸ் கிராம்வெல் இங்கிலாந்தில் ஆணையிட்டார். கத்தோலிக்க உலகுக்கு அக்கட்டளையைத் திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-இல் விதித்தது. ஸ்டிராட்ஃபோர்டு ஏடு 1558-இல் தொடங்குகிறது. பழைய காகித ஏடுகளைத் தோற்றாளிற் படியெடுக்குமாறு 1598-இல் உத்தரவு பிறந்தது. எனவே இன்றுள்ளது அப்படிதான். 1564 ஏப்ரல் 26-ஆம் நாளில், “குலியெல்முஸ் ஃபீலியுஸ் யோஹான்னெஸ் ஷாக்ஸ்பெரெ” என்ற வரி அதில் உள்ளது. “யோவானின் மகன்” என்று பொருள்படுவதற்கு “யோஹான்னிஸ்” என்றிருக்க வேண்டும். எங்கள் குருமடத்தில் முதலாண்டு மாணவன் இவ்வாறு எழுதியிருந்தால் இலத்தீன் ஆசிரியர் சும்மா விட்டிருக்க மாட்டார்! பிறந்த நாள் ஏட்டில் இல்லை; ஏப்ரல் 23 என்பது பிற்காலத்தார் வழக்கு.

அதே ஆண்டின் அடக்கப் பதிவில், ஜூலை 11-ஆம் நாளுக்கெதிரே மூன்று இலத்தீன் சொற்கள்: “இங்கே கொள்ளைநோய் தொடங்கியது.” அடுத்த சில மாதங்களில் அவ்வூரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொட்டிலிற் கிடந்த குழந்தை வில்லியம் தப்பியது. அதன் பெற்றோர் முன்னமே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். 1562 டிசம்பரில் ஞானஸ்நானம் பெற்ற மார்கரெட் அடுத்த ஏப்ரலில் அடக்கம் செய்யப்பட்டாள். மூத்தவள் ஜோனுக்கு அடக்கக் குறிப்பே இல்லை. ஆயினும் 1569-இல் வேறொரு மகளுக்கு ஜோன் என்றே பெயரிட்டிருப்பதால், முதலாமவள் இறந்துவிட்டாள் என்று உணர்கிறோம். ஏட்டில் இல்லாததையும் ஏட்டைக் கொண்டே அறிவது இவ்வாறுதான்.

விவாகத்திற்கு வருவோம். அது ஸ்டிராட்ஃபோர்டு ஏட்டில் இல்லை. வூஸ்டர் மேற்றிராசனக் காகிதங்களில் அதன் தடயம் கிடைக்கிறது. 1582 நவம்பர் 27-ஆம் நாள் அனுமதிக் குறிப்பில் மணமகள் பெயர் ஆன் வேட்லி. மறுநாள் எழுதிய 40 பவுன் பிணைப் பத்திரத்திலோ ஆன் ஹாத்வே. எழுத்தர் கைதவறி வேறு பெயரை எழுதிவிட்டார் என்றே நான் கருதுகிறேன். ஒரே ஓலை வாசித்து மணம் முடிக்க இசைவு கேட்டனர். திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் ஜனவரி நடுப்பகுதி வரை ஓலை வாசிக்க இயலாது. அவசரத்தின் காரணத்தை ஞானஸ்நானப் பதிவு சொல்கிறது: மூத்த மகள் சூசன்னா 1583 மே 26-இல் ஞானஸ்நானம் பெற்றாள். மணமகனுக்கு வயது பதினெட்டு. மணமகளின் வயதைக் கல்லறைக் கல்லிலிருந்து கணக்கிட்டால் இருபத்தாறு. பின்னர் 1585-இல் ஹாம்நெட், ஜூடித் என்னும் இரட்டையர் பிறந்தனர். ஹாம்நெட்டின் பெயர் 1596 ஆகஸ்டு 11-இல் அடக்கப் பதிவில் மீண்டும் வருகிறது. தகப்பனின் கண்ணீரைப் பற்றி ஏடு ஒன்றும் சொல்வதில்லை.

தகப்பனின் மனம் ஓரளவு வெளிப்படுவது உயிலில்தான். இப்போது இலண்டனில் கியூ என்னுமிடத்து தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள அவ்வுயிலில் “ஜனவரி” என்ற மாதம் அடிக்கப்பட்டு “மார்ச்” என்று திருத்தப்பட்டிருக்கிறது. நாள் 1616 மார்ச் 25. என்ன நேர்ந்தது? அவ்வாண்டு பெப்ரவரி 10-இல் ஜூடித், தாமஸ் குவைனி என்பவரை மணந்தாள். விலக்கப்பட்ட காலத்தில் உரிய அனுமதியின்றி மணந்ததற்காகக் குவைனி திருச்சபை விலக்குக்கு ஆளானார். மார்ச் 15-இல் மார்கரெட் வீலர் என்னும் பெண்ணும் அவள் குழந்தையும் அடக்கம் செய்யப்பட்டதாகப் பதிவேடு கூறுகிறது. மார்ச் 26-இல் ஆலய நீதிமன்றத்தில் நின்று, அவளோடு தகாத உறவு கொண்டதைக் குவைனி ஒப்புக்கொண்டார். இந்த நீதிமன்றக் குறிப்பு 1964-இல்தான் வெளிச்சத்திற்கு வந்தது. உயிலில் “மருமகன்” என்ற சொல் அடிக்கப்பட்டு, “என் மகள் ஜூடித்” என்று எழுதப்பட்டுள்ளது. அவளுக்குரிய பணத்தின் ஒரு பகுதி கணவன் கைக்கு எளிதில் எட்டாதபடி கட்டப்பட்டிருக்கிறது. மனைவிக்கு விட்ட “இரண்டாவது சிறந்த கட்டிலை”ப் பற்றி உலகம் ஓயாது பேசுகிறது. எனக்கோ, அடிக்கப்பட்ட அந்த ஒரு சொல்லே அதிகம் பேசுவதாகத் தோன்றுகிறது.

ஏப்ரல் 25-இல் அவரது அடக்கம் பதிவாயிற்று. ஜூன் 22-இல், சூசன்னாவின் கணவர் மருத்துவர் ஜான் ஹால் உயிலை மெய்ப்பித்தார். ஜூடித்தின் புதல்வர் மூவரும் சந்ததியின்றி இறந்தனர். சூசன்னாவின் ஒரே மகள் எலிசபெத் 1670-இல் இறந்ததோடு கவிஞரின் நேர்வழி அற்றுப்போயிற்று.

தங்கை ஜோன் மட்டும் எஞ்சினாள். அவள் கணவர் வில்லியம் ஹார்ட், மைத்துனருக்கு எட்டு நாள் முன்னதாக அடக்கம் செய்யப்பட்டவர். அவளுக்கு 20 பவுனும், அண்ணனின் உடைகளும், ஆண்டுக்குப் பன்னிரண்டு பென்ஸ் வாடகையில் ஆயுள் முழுதும் ஹென்லி வீதி வீட்டில் வாழும் உரிமையும் உயிலிற் கிடைத்தன. அவள் மைந்தர் மூவருக்கும் தலைக்கு ஐந்து பவுன். வில்லியம், மைக்கேல் என இருவர் பெயர்கள் எழுதப்பட்டிருக்க, ஒருவன் பெயருக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. நோயுற்றிருந்த மாமனுக்கு நினைவு வரவில்லை போலும். அருகில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. ஞானஸ்நான ஏட்டைப் புரட்டினால் 1605 ஜூலை 24-ஆம் நாளில் அப்பெயர் இருக்கிறது: தாமஸ். ஷேக்ஸ்பியர் தந்தையாரின் வம்சத்தவரென்று இன்று உரிமை பாராட்டும் குடும்பங்கள் இந்தத் தாமஸின் வழியிலேயே வந்தவை.