பாட்டிக்கும் புரியும்படி ஒரு பயணத் திட்டம்

செப்டம்பர் மாதப் பள்ளி விடுமுறை ஒரே ஒரு வாரம்தான். முன்னும் பின்னும் வரும் சனி, ஞாயிறுகளைச் சேர்த்தால் ஒன்பது நாள்கள். போக ஒரு நாள், திரும்ப ஒரு நாள் என்று கழித்தால் கையில் மிஞ்சுவது ஏழு நாள்கள். இவ்வாண்டு அந்த ஏழு நாள்களை மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவில் கழிக்கலாம் என்று சொன்னவள் என் மகள். உயர்நிலை இரண்டில் படிக்கிறாள்.

காரணங்களையும் அவளே அடுக்கினாள். மால்டா நாட்டின் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரில் பாதிகூட இல்லை. நம்மைப் போலவே ஆங்கிலேயர் ஆண்ட தீவு. 1964இல் விடுதலை பெற்றது. அங்கும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கமே செல்கின்றன. நம் வீட்டு மூன்று முனைச் செருகிகூட அங்குள்ள மின்சுவரில் பொருந்திவிடும். இவ்வளவு சொன்ன பிறகு மறுப்பதற்கு என்ன இருக்கிறது?

சனிக்கிழமைகளில் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு, லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி, அடுத்த நிலையமான டோபி காட்டில் இறங்குவது எங்கள் வழக்கம். அங்குள்ள கடைத்தொகுதியில் தேநீர் அருந்தியபடி சற்று நேரம் உட்கார்ந்திருப்போம். முதல் திட்டக்கூட்டமும் அங்கேதான் நடந்தது. நான், என் கணவர், மகள், மூன்றாண்டுகளாக எங்களுடன் வாழும் என் தாயார் என நால்வர். அம்மாவுக்கு 74 வயது. தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது.

மகள் கணினியைத் திறந்து, தான் தயாரித்த பட்டியலை ஆங்கிலத்தில் விளக்கினாள். ஏழு நாள்கள், 19 இடங்கள். நாங்கள் இருவரும் தலையசைத்துக்கொண்டிருந்தோம். அப்போது அம்மா மெதுவாகக் கேட்டார்: "எனக்கும் சொல்லேன் கண்ணு, எங்கே போறோம்?"

மகள் என்னைப் பார்த்தாள். "நீங்களே பாட்டிக்குச் சொல்லிடுங்க அம்மா" என்றாள். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரார் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது என் தொழில். "வீட்டில் பிள்ளைகளுடன் தமிழில் பேசுங்கள்" என்று பெற்றோர் சந்திப்புகளில் ஆண்டுதோறும் சொல்பவள் நான். ஆனால் என் வீட்டில், வேலைக் களைப்பிலும் அவசரத்திலும், எப்போது ஆங்கிலம் குடியேறியது என்று எனக்கே தெரியவில்லை. மகள் தமிழ்த் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். பாட்டியிடம் அவள் பேசும் தமிழோ "சாப்பிட்டேன்", "தூங்கப் போறேன்" என்ற இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடும். இடையில் நான் மொழிபெயர்ப்பாளராக நின்றுகொண்டிருந்தேன். அன்றும் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

"பாட்டியும் வருகிறார். பாட்டி சம்மதித்தால்தான் திட்டம் முடிவாகும். நீயே சொல்" என்றேன்.

மகளுக்குக் கோபம். ஆயினும் தொடங்கினாள். கோசோ என்ற சிறு தீவில் பெரிய பெரிய கற்களால் கட்டிய கோயில்கள் இருக்கின்றன என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள். ஜிகந்தியா என்று பெயர். கி.மு. 3600 அளவில் கட்டியவை. எகிப்தின் கீசா பிரமிடுகளைவிட ஏறத்தாழ 1000 ஆண்டுகள் மூத்தவை. ஓர் அரக்கி கைக்குழந்தையைச் சுமந்தபடியே அந்தக் கற்களைத் தூக்கி வந்து கட்டினாள் என்பது ஊர்க்கதை.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்தச் சாமி கோயில்?"

மகளிடம் விடை இல்லை. தேடிப் பார்த்துவிட்டு, "யாருக்கும் சரியாத் தெரியாதாம் பாட்டி. அந்த மக்களுக்கு எழுத்து இல்லை" என்றாள்.

"எழுதியும் வைக்கல, பேச ஆளும் இல்லைன்னா எப்படித் தெரியும்?" என்றார் அம்மா. நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்ல முயன்ற கருத்து அது.

அதன் பிறகு திட்டமிடல் நான்கு சனிக்கிழமைகளுக்கு நீண்டது. பாட்டியின் கேள்விகள் திட்டத்தைச் சீர்செய்துகொண்டே வந்தன. கடலோரத்தில் கல் வளைவாக நின்ற 'நீலச் சாளரம்' என்ற இடத்தை மகள் ஒரு பழைய படத்தைப் பார்த்துச் சேர்த்திருந்தாள். விளக்குவதற்காகத் தேடியபோதுதான், 2017 மார்ச் மாதப் புயலில் அது இடிந்து கடலில் விழுந்துவிட்டது தெரிந்தது. "விழுந்துபோனதையா பார்க்கப் போறோம்?" என்று பாட்டி சிரித்தார். அந்த இடம் பட்டியலிலிருந்து நீங்கியது.

அடுத்து, ஹல் சஃப்லீனி என்ற நிலவறைக் கல்லறை. 1902இல் கட்டுமானப் பணியின்போது தற்செயலாக வெளிப்பட்டது. உள்ளே செல்வோரின் மூச்சுக்காற்றின் ஈரம்கூடச் சுவர்களைப் பாழாக்கும் என்பதால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 80 பேரை மட்டுமே விடுகிறார்கள். நுழைவுச்சீட்டை வாரக்கணக்கில் முன்னதாகவே வாங்கியாக வேண்டும். உள்ளே படிகள் உண்டு. பாட்டியின் முழங்கால் ஒத்துழைக்காது. எனவே தந்தையும் மகளும் மட்டும் செல்வது என்று முடிவாயிற்று. "போயிட்டு வந்து எனக்குச் சொல்லணும்" என்பது பாட்டி விதித்த நிபந்தனை.

தலைநகர் வலெட்டாவும் மேடும் படியுமான ஊர்தான். ஆனால் துறைமுகத்திலிருந்து மேலே உள்ள பராக்கா தோட்டத்திற்குச் செல்ல 2012 முதல் மின்தூக்கி இயங்குகிறது. அதைக் கண்டுபிடித்த நாளில் மகள் வெற்றிப் பெருமிதத்துடன் வந்து பாட்டியிடம் சொன்னாள். அத்தோட்டத்தில் அமர்ந்தால் துறைமுகம் முழுவதையும் பார்க்கலாம். நண்பகலில் பீரங்கி வெடிப்பதையும் கேட்கலாம். உணவுக்கு என்ன செய்வது என்ற கவலைக்கும் ஒரு வழி கிடைத்தது. மசித்த பட்டாணியையோ பாலாடைக்கட்டியையோ உள்ளே வைத்துச் சுடும் பாஸ்டிட்ஸி என்ற பண்டம் அங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கிறதாம். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பவர்களும் உண்டு என்பதால் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாம் சனிக்கிழமை பேச்சு ஊர்ப்பெயர்களுக்குத் திரும்பியது. நாங்கள் தங்க எண்ணியுள்ள ஊர் சிலீமா. மேரி மாதாவை வாழ்த்தும் மன்றாட்டின் முதற்சொல்லான 'சிலீம்' என்பதிலிருந்து வந்த பெயர். "அட, நம்ம சலாம்!" என்றார் அம்மா. உண்மைதான், இரண்டும் ஒரே அரபு வேரில் முளைத்தவை. மால்டிய மொழி அரபியிலிருந்து கிளைத்து, இத்தாலியச் சொற்களை ஏராளமாக ஏற்று, இலத்தீன் எழுத்தில் எழுதப்படும் மொழி. "அப்போ இந்த டோபி காட்டுன்னா என்ன?" என்று பாட்டி கேட்டார். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்து வாழ்ந்தார்கள். இந்திச் சொற்களான 'தோபி', 'காட்' இரண்டும் சேர்ந்து அவர்களின் படித்துறையைக் குறித்தன என்று மகள் விளக்கினாள். அந்த ஓடைத்துறை இன்று இல்லை. பெயர் மட்டும் ரயில் அறிவிப்பில் ஒலிக்கிறது.

அன்றிரவு மால்டிய மொழியின் வரலாற்றை நானும் படித்தேன். நெடுங்காலம் அது அடுக்களை மொழியாகவே இருந்தது. நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் இத்தாலியம்தான் கோலோச்சியது. 1934இல்தான் மால்டியத்திற்கு ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது. 2004இல் அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரின் மொழி ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. அடுக்களையில் உயிரோடிருந்ததால்தான் அது அவைக்கு ஏற முடிந்தது.

நம் நிலை இதற்கு நேர்மாறானது. சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. நாணயத்தாளில் இருக்கிறது, பள்ளியில் இருக்கிறது, நாடாளுமன்றத்தில் பேசலாம். ஆனால் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று கூறிய குடியிருப்பாளர்கள் 2010இல் 3.3 விழுக்காடு, 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2.5 விழுக்காடு. அவையில் இருக்கை இருக்கிறது. அடுக்களையில்தான் இடம் குறைகிறது. அந்தக் குறைவில் என் வீட்டுக்கும் பங்கு உண்டு என்பதை எண்ணியபோது எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

இனி விசா. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்துள்ள எங்கள் மூவருக்கும் அது தேவையில்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்துள்ள அம்மாவுக்கு ஷெங்கன் விசா கட்டாயம் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன்னராவது கொடுத்துவிட வேண்டும். 30,000 யூரோ காப்புள்ள மருத்துவக் காப்புறுதி, தங்குமிடச் சான்று, நாள்வாரியான பயணத் திட்டம் ஆகியவற்றைச் சேர்த்தோம். கையெழுத்திடும் முன் ஒவ்வொரு தாளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று மகள் பாட்டிக்கு விளக்கினாள். நான் அடுத்த அறையிலேயே இருந்தேன், எழுந்து செல்லவில்லை.

விசா இன்னும் வரவில்லை. கிடைக்காமலும் போகலாம். பாட்டிக்குக் கிடைக்காவிட்டால் தானும் போகவில்லை என்று மகள் சொல்கிறாள். அது நடக்கும்போது பார்ப்போம்.

இதற்கிடையில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஏழு நாள்கள், 11 இடங்கள், முழுவதும் தமிழில், மகளின் கையெழுத்தில். நாள், இடம், போகும் வழி என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில், யாரும் சொல்லாமலே அவள் சேர்த்த நான்காவது கட்டம் ஒன்று உண்டு: 'பாட்டி நடக்கும் தூறம்'. வல்லின றகரம் தவறு. தமிழாசிரியையின் கை சிவப்புப் பேனாவைத் தேடியது. தேடியதோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த நாள் பார்த்தபோது அந்த எழுத்து அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. பாட்டிதான் சொல்லிக் கொடுத்தாராம்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் தருகிறோம். வாய்மொழித் தேர்வுக்கு மாதிரி விடைகள் தருகிறோம். அவையும் வேண்டும்தான். அவற்றோடு, தமிழில் சொன்னால் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு மெய்யான வேலையையும், அதைக் கேட்கக் காத்திருக்கும் ஒருவரையும் கொடுத்துப் பாருங்கள். மால்டாவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தேக்காவுக்குப் போகும் பட்டியலிலிருந்தும் தொடங்கலாம். நடுவில் நின்று மொழிபெயர்க்காமல் இருப்பது மட்டும் நம் பொறுப்பு.