கால் வெளுத்த கோழி

பையில் சமையலறைத் தராசை எடுத்து வைத்ததைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள். "கோழி பாக்கப் போறவருக்குத் தராசு எதுக்கு?" என்றாள் மனைவி. எனக்கும் அப்போது சரியான பதில் தெரியவில்லை. பின்கட்டில் ஒன்றரை சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. ஆறு கோழி வளர்த்தால் கடையில் முட்டை வாங்க வேண்டாமே என்ற பேச்சு மூன்று மாதமாக வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். சரி, நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் விடிவதற்குள் கோவையிலிருந்து பொள்ளாச்சி பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர்.

வியாழன் பொள்ளாச்சிக்குச் சந்தை நாள். ஏழு மணிக்கே கூட்டம். சந்தைக்குப் போகும் வழியில் குஞ்சு விற்கும் கடை ஒன்றில் நின்றேன். கம்பிக் கூண்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பலகையில் சாக்பீஸால் பெயர்கள்: கிராமப்ரியா, வனராஜா, பி.வி. 380. முதல் இரண்டும் ஹைதராபாத்தில் இருக்கும் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் புழக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கியவை. மூன்றாவது வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனத்தின் கலப்பினம். பழுப்பு இறகு, பழுப்பு முட்டை. இப்போது வீட்டு முட்டைக்கு அதைத்தான் அதிகம் கேட்கிறார்கள் என்றார் கடைக்காரர். அறுபது நாள் குஞ்சு 240 ரூபாய்.

"எல்லாம் பெட்டைதானா? எப்படிச் சொல்றீங்க?"

"பொரிச்ச அன்னிக்கே நெறத்துல தெரிஞ்சிருமுங்க."

இது உண்மைதான். இந்த மாதிரிப் பழுப்புக் கலப்பினங்களில் சிவப்பு இறகுச் சேவலையும் வெள்ளை இறகுப் பெட்டையையும் சேர்ப்பார்கள். தகப்பன் நிறம் மகளுக்கும் தாய் நிறம் மகனுக்கும் போகும். செம்பழுப்பாய்ப் பொரித்தால் பெட்டை, வெளிறிப் பொரித்தால் சேவல்.

மற்றதெல்லாம் அவர் சொன்னபடியே குறித்துக்கொண்டேன். வருஷத்துக்கு 330 முட்டை. நோயே வராது. வீட்டில் மிஞ்சிய சோறும் தவிடும் போட்டால் போதும். குழந்தை மாதிரி மடியில் உட்காரும். எதையும் வாங்காமல் நகர்ந்தேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது.

ஆனைமலை போகிற பஸ்ஸில் எட்டு கிலோமீட்டர், இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடை. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. வழியில் ஒரு நார் மில் இருந்தது. ஊறிய மட்டையின் புளிப்பு வாடை அதைத் தாண்டியும் கூடவே வந்தது. நண்பனின் உறவுக்கார அக்கா ஒருவர் தோட்டத்துச் சாளையில் பன்னிரண்டு பழுப்புக் கோழிகள் வைத்திருக்கிறார் என்று தகவல். படலைத் திறந்து இரண்டு அடி வைத்திருப்பேன், பன்னிரண்டும் என்னை நோக்கி ஓடி வந்தன. நாய் குரைக்கும் என்று நினைத்து வந்தவனைக் கோழி வரவேற்றது. ஒன்று செருப்பு வாரைக் கொத்தியது. ஒன்று பேன்ட் மடிப்பில் ஒட்டியிருந்த புல் விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது.

"வாங்க தம்பி. அதுங்களுக்கு ஆளுன்னா பயமே இல்லீங்க. யார் வந்தாலும் தீனிக்காரங்கதான்" என்றார் அக்கா.

குனிந்து கையை நீட்டினேன். எதிரே நின்ற கோழி ஓடவில்லை. அப்படியே பம்மி, சிறகை லேசாக விரித்து, முதுகைத் தட்டையாக்கிக் குந்திக்கொண்டது. தூக்கினேன், மடியில் உட்கார்ந்தது. கடைக்காரர் சொன்னதில் இது ஒன்று சரியாகிவிட்டது. "பாசமுங்க" என்றார் அக்காவின் மாமியார் திண்ணையிலிருந்து. பெட்டை சேவலுக்குக் குந்துகிற குந்தல்தான் அது. முட்டைப் பருவம் வந்துவிட்டதற்கு அது ஓர் அடையாளம். இந்த வாசலில் சேவல் கிடையாது. ஆகவே மனுசனுக்குக் குந்துகிறது. சேவல் இல்லாமலே முட்டை வரும், குஞ்சுதான் பொரிக்காது. விஷயம் தெரிந்திருந்தும், மடியில் அந்தச் சூடு இருக்கும்போது பாசம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொட்டகை பத்தடிக்கு ஆறடி. மேலே தகரம், சுற்றிலும் கம்பி வலை, தரையில் நாலு அங்குலத்துக்குத் தேங்காய் நார்க்கழிவு. பொள்ளாச்சியில் அதற்குப் பஞ்சமா? மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். எரிச்சல் வாடை இல்லை, மண் வாடைதான். தண்ணீர்க் குவளைக்குக் கீழே மட்டும் நனைந்து கட்டியாகி, அந்த இடம் கண்ணைக் கரித்தது. அக்கா வாரம் ஒருமுறை அந்த ஈரத்தை அள்ளித் தென்னைக்குப் போடுகிறார். கொட்டகை வேலைக்கு 9,000 ரூபாய் ஆனதாம்.

தவிடு எங்கே என்று தேடினேன். மூலையில் ஐம்பது கிலோ முட்டைக்கோழித் தீவன மூட்டைதான் நின்றது. விலை 1,650. "மொதல்ல தவுடும் சோறும்தான் போட்டங்க. பத்து நாள்ல தோல்முட்டையா வந்துது. கையில எடுத்தா பலூனாட்டம். அப்பறம் மூட்டை வாங்கிட்டோம்." முட்டை ஓடு முக்காலே மூணு வீசம் சுண்ணாம்புச் சத்து. ஒரு முட்டைக்குச் சுமார் இரண்டு கிராம் கால்சியம் கோழி கொடுக்க வேண்டும். வருகிற வழி இல்லாவிட்டால் எலும்பிலிருந்து எடுக்கும், அதுவும் தீர்ந்தால் தோல்முட்டை. அக்கா தீனி அளக்கும் டப்பாவைத் தராசில் வைத்தேன். ஒரு டப்பா 430 கிராம். காலையில் இரண்டு, மாலையில் ஒன்று. ஆக 1,290 கிராம். கோழிக்கு 107 கிராம் சொச்சம். கீரை, முருங்கைத் தழை, சட்டிக்குள் சாணம் வைத்துப் பிடிக்கிற கரையான் எல்லாம் இதற்கு மேல்.

முட்டை போடுவதைப் பார்க்காமல் போவதில்லை என்று முடிவு. பெயின்ட் வாளி நான்கைப் படுக்கவைத்து வைக்கோல் போட்டிருந்தார்கள். நான் போவதற்குள்ளேயே மூன்று முட்டை விழுந்திருந்தது. வாளிக்கு நாலடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்தேன். 8.50க்கு ஒரு கோழி வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தது, போய்விட்டது, மறுபடி வந்தது. மற்ற மூன்று வாளி காலியாக இருக்க, ஏற்கெனவே ஒரு கோழி உட்கார்ந்திருந்த வாளிக்குள்தான் இதுவும் நெருக்கிக்கொண்டு நுழைந்தது. வைக்கோலை அலகால் எடுத்து முதுகில் போட்டுக்கொண்டது. இருபத்தைந்து நிமிஷம் ஒரு சத்தமில்லை. பிறகு எழுந்து, முதுகைக் கூனி, வாலை இறக்கி நின்றது. இறகு சிலிர்த்தது. நின்றவாக்கில் முட்டை விழுந்தது. ஈரமாக, வார்னிஷ் பூசியது போலப் பளபளத்தது; நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரை நிமிஷத்தில் பளபளப்புப் போய் மங்கலாகிவிட்டது. அந்த ஈரம் காய்ந்த படலம்தான் ஓட்டின் நுண்துளைகளை அடைக்கிறது. வந்தவுடன் முட்டையைக் கழுவாதே என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான். கையில் எடுத்தேன், ஆற்றிய காபி டம்ளரின் சூடு. தராசில் 59 கிராம். கோழி வெளியே வந்து ஊருக்கே கேட்கிற மாதிரி கொக்கரித்தது.

ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் இருபது மணி நேரம் ஓட்டுக்கே போய்விடும். அதனால் ஒரே கோழி நாளுக்கு நாள் கொஞ்சம் பிந்திப் பிந்திப் போட்டு, ஒரு கட்டத்தில் ஒரு நாள் விட்டுவிடும். தினம் தப்பாமல் ஒன்று என்பது உடம்புக் கணக்குக்கே ஒத்துவராது.

அக்காவிடம் கணக்கு இருக்கிறதா என்று தயங்கிக் கேட்டேன். சுவரிலிருந்து மாதக் காலண்டரைக் கழற்றிக் கொடுத்தார். பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒவ்வொரு தேதியிலும் ஓர் எண். போன வருஷத்துக் காலண்டரும் பரணில் இருந்தது. முக்காலியிலேயே உட்கார்ந்து போன நவம்பர் முதல் இந்த அக்டோபர் வரை கூட்டினேன். மூன்று தடவை கூட்டியதில் இரண்டு தடவை ஒரே விடை: 3,420. பன்னிரண்டால் வகுத்தால் கோழிக்கு 285. நல்ல எண்தான். 330 இல்லை. மார்ச்சில் 329 முட்டை, அக்டோபரில் 278. மார்கழியிலும் ஒரு சறுக்கல். பகல் குறைந்தால் முட்டை குறையும். பதினாலு மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். அந்தச் சறுக்கலுக்குப் பிறகுதான் அதிகாலை நாலரைக்கு எரிய ஒரு பல்பு மாட்டினார்களாம்.

இனி காசு. மூட்டை விலைப்படி தினமும் தீனிக்கு 42 ரூபாய் 57 காசு. முட்டைக்கு 4.54. பதினைந்து குஞ்சு வாங்கிய 3,600 ரூபாயைப் பங்கிட்டால் இன்னும் 1.05. முட்டை போடுவதற்கு முந்தைய மூன்று மாதத் தீனியைக் கோழிக்கு ஆறு கிலோ என்று வைத்தால் 69 காசு. ஆக 6.28. காலையில் பொள்ளாச்சி மளிகைக் கடையில் வெள்ளை முட்டை 6.50. கொட்டகைச் செலவைச் சேர்க்கவே இல்லை. நான் நோட்டைக் காட்டியதும் அக்கா சிரித்தார். "மிச்சத்துக்கா வளக்கறோம்? பக்கத்துல பத்து ரூபாய்க்கு வாங்கிக்கறாங்க. எங்களுக்குத் தின்னது போக மூட்டைக்குக் காசு வந்துருது."

கணக்கு முடிந்து எழுந்தபோதுதான் கால்களைக் கவனித்தேன். பத்துக் கோழிக்குக் கால் வெளுத்து, வெந்த இட்லி நிறம். இரண்டுக்கு மட்டும் மஞ்சள். கொண்டையும் அந்த இரண்டுக்குச் சுருங்கி வெளிறியிருந்தது. பிடித்துப் பார்த்தேன், கழுத்தில் புது இறகு முள்ளு முள்ளாக முளைத்துக்கொண்டிருந்தது. கோழி தின்னும் மஞ்சள் சத்து, முட்டை போடும் வரை கருவுக்குப் போகிறது. அதனால் கால் வெளுக்கிறது. முட்டை நின்றால் மஞ்சள் காலுக்குத் திரும்பி வரும். "எல்லாமே போடுதுங்க" என்றுதான் அக்கா காலையில் சொன்னார். கால் வேறு சொன்னது. வயது பதினெட்டு மாதம். இறகு உதிர்க்கிற காலம். உதிர்த்து எழுந்த பிறகு மறுபடி போடும், ஆனால் முதல் வருஷத்து வேகம் இருக்காது.

"போடாததை என்ன பண்ணுவீங்க?"

அக்கா மாமியாரைப் பார்த்தார். மாமியார் என்னைப் பார்க்கவில்லை. "பேரு வெச்சாச்சு. அறுக்கறதுக்கு எனக்குக் கை வராது, அடுத்த ஊட்டுக்காரனுக்குக் குடுக்கவும் மனசு வராது" என்றார்.

வேலி ஓரத்தில் ஒரு நாட்டுக்கோழி ஏழு குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்தது. நான் பத்தடி நெருங்குவதற்குள் கழுத்தைச் சிலிர்த்து ஒரு குரல். குஞ்சுகள் சருகுக்குள் மாயம். அது பன்னிரண்டு பதினைந்து முட்டை போட்டதும் அடைக்குப் படுத்துவிடும். பழுப்புக் கோழிக்கு அடைபடுக்கும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். அதனால்தான் நிற்காமல் முட்டை. வாங்கிய பதினைந்தில் மூன்று எங்கே என்று கேட்டேன். பட்டப்பகலில் கீரி வந்ததாம். "நாட்டுக்கோழி பறந்து முருங்கை மேல ஏறிட்டுது. இதுங்க என்னன்னு பாக்கக் கிட்டப் போச்சுங்க தம்பி." அன்றைக்கு இரண்டு. மூன்றாவது தெரு நாய்க்கு. என் செருப்பு வாரைக் கொத்திய அதே குணம். வலை போட்டது அதற்குப் பிறகுதான். நோயைப் பற்றியும் கேட்டேன். வெள்ளைக்கழிச்சல் இந்த வருஷம் அக்கம்பக்கத்தில் வந்ததாம். இவர் பிப்ரவரியில் கால்நடை மருந்தகத்து இருவார முகாமில் எல்லாவற்றுக்கும் ஊசி போட்டிருந்ததால் தப்பித்தன.

பன்னிரண்டரைக்குள் மொத்தம் எட்டு முட்டை. வீட்டில் இருந்த நாட்டுக்கோழி முட்டை இரண்டையும் எடை போட்டேன்: 38, 41. அக்கா ஒரு பழுப்பு முட்டையை உடைத்து ஆம்லெட் போட்டுக் கொடுத்தார். ஓட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் சுத்த வெள்ளை. பழுப்பு என்பது கடைசி சில மணி நேரத்தில் மேலே ஏறும் சாயம்தான். கரு மட்டும் முருங்கைத் தழை தின்ற புண்ணியத்தில் நல்ல ஆரஞ்சு.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் ஒரு கூடை. அட்டையில் 'நாட்டுக்கோழி முட்டை ரூ.15'. அழகான பழுப்பு, எல்லாம் ஒரே அளவு. நான்கு கேட்டேன், வாங்கிக் கடைப் பலகையிலேயே தராசை வைத்தேன். 59, 61, 58, 60. கடைக்காரர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தோட்டத்துக் கோழிதானுங்க" என்றார். அது பொய்யில்லை என்பதால் அறுபது ரூபாயைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் நோட்டைப் படித்துக் காட்டினேன். வருஷம் 285, கடை விலைக்கே கட்டும், கீரிக்கு வலை கட்டாயம், ஒன்றரை வருஷத்தில் கால் மஞ்சளாகும், அதன்பிறகு உட்கார்ந்து தின்னும், அறுக்க மனசு வராது. மனைவி முட்டைகளைக் கூடையில் அடுக்கியபடியே கேட்டாள். கடைசி முட்டையை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அப்ப ஆறு வேண்டாம். நாலு போதும். மொதல்ல வலைக்கு ஆள் சொல்லுங்க."